கால்வாய் ரோட்டில் ஒரு பின் டயர்

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். போன ஜூலை மாதம்வரை அப்படித்தான் இருந்தேன். இப்போதும் நான் பேய் என்று சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. சிலருடைய பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், அவர்கள் இன்னும் இங்கேயே இருப்பதால்.

என் பெயர் ரமணன். காரோடு என்ற ஊரில் வீடு. நெய்யாற்றின்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. தினமும் பைக்கில்தான் போய் வருவேன். முந்நூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக். கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது.

அதன் பின் டயர் மொட்டையாகிவிட்டது. மேல் ரப்பர்க் கட்டை முழுக்கத் தேய்ந்து நடுவில் நூல் தெரிந்தது. மழையோ விடாமல் பெய்துகொண்டிருந்தது. குளத்தூர் வளைவில் ஒருநாள் பின்சக்கரம் வழுக்கியதில், பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி மஞ்சு என் தோளில் நகம் பதியப் பிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் ஒரே பேச்சுதான்.

"டயர் மாத்தாம இதுல நான் இனி ஏற மாட்டேன். நீங்களும் ஏறப்பிடாது."

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் உதியன்குளங்கரையில் எலியா அண்ணன் கடைக்குப் போனேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் டயர் பார்க்கிறேன். அவர் இரண்டு டயர்களை எடுத்து வெளியே போட்டார்.

"இது புதுசு மக்கா. ரப்பர் கல்லு மாதிரி. ரொம்ப நாள் ஓடும். ஆனா மழையில உன் வேகத்துக்குப் பிடிச்சு நிக்காது. இது ஓடினதாக்கும். சாஃப்ட் ரப்பர். ரோட்டை நல்லா கவ்விப் பிடிக்கும். ஒரு பையன் மாட்டி ஒரு மாசம்கூட ஓட்டல, கழற்றிக் கொண்டு வந்து போட்டுட்டுப் போயிட்டான்."

"இதே மாதிரி புதுசு?"

"வர ஒரு வாரம் ஆகும்."

ஓடிய டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. வெட்டோ வீக்கமோ இல்லை. மழைக்கு இதுதான் சரி என்று தோன்றியது. இதையே மாட்டச் சொன்னேன்.

இப்போது யோசித்தால், அப்போதே சில விஷயங்கள் சரியில்லை.

டயரின் பள்ளத்தில் ஒரு நூல் சிக்கியிருந்தது. நீல நிறம். கைலித் துணி நூல். எலியா அண்ணன் இடுக்கியால் இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு சின்னப் பள்ளத்துக்குள் அவ்வளவு நூல் எப்படி இருந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காற்று பிடித்தபோது டயரின் விளிம்பு 'டமார்' என்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. எலியா அண்ணனின் விரல் மாட்டிக்கொண்டது. நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது. இருபது வருஷமாக டயர் மாட்டுகிற கை.

"இன்னைக்கு நேரம் சரியில்ல," என்று துணியைச் சுற்றிக்கொண்டார்.

கடைசியாக ஸ்டாண்டில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சமன் பார்க்க விளிம்பில் எந்தப் பக்கம் ஈய எடை வைத்தாலும் அது ஒரே இடத்தில் வந்து நின்றது. நிற்கும்போது ஒரு சத்தம்.

'ங்...ஹ்...'

ரப்பர் உரசுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஆறரை மணி. வானம் கறுத்திருந்தது. குளத்தூர் தாண்டி, வழக்கமான குறுக்கு வழியில், கால்வாய்க் கரை ரோட்டில் திரும்பினேன். ஒரு பக்கம் கால்வாய். மறுபக்கம் ரப்பர் தோட்டம். ஆள் நடமாட்டம் இல்லை.

வண்டி இழுக்கவில்லை.

ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்தியது. வேகம் வரவில்லை. பின்னால் ஏதோ கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வெறும் ரோடுதான். ஆனால் சத்தம் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் தேய்க்கிற சத்தம். 'சர்ர்ர்... சர்ர்ர்...'

நிறுத்தினேன். ஸ்டாண்ட் போட்டேன். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். பின்சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தபோது, பிடிமானத்துக்காகச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்தேன்.

கையை எடுக்க முடியவில்லை.

விரல்கள் இறுகிவிட்டன. எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விரல்கள் கேட்கவில்லை. இந்தக் கம்பியை விட்டால் செத்துவிடுவோம் என்று நினைப்பதுபோல் பிடித்திருந்தன.

வண்டி நகர்ந்தது.

சாவி என் பையில் இருக்கிறது. இன்ஜின் சத்தம் இல்லை. ஆனாலும் நகர்ந்தது. நான் முழங்காலில் விழுந்தேன். அது என்னை இழுத்தது. பேன்ட் கிழிந்தது. தோல் கிழிந்தது. தாரும் ஜல்லியும் முட்டியில் ஏறின. கத்தினேன். யாரும் இல்லை.

பிறகு நின்றது.

யாரோ இறங்கி நடந்து வருகிற சத்தம்... ஷூ கால்.

பின்கழுத்தில் முதல் அடி விழுந்தது.

கனமான, உருண்டையான ஏதோ ஒன்று. கண்ணில் பொறி பறந்தது. இரண்டாவது அடி காதுக்குப் பின்னால். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"விடுலே..."

காதுக்குப் பக்கத்தில் குரல். இளைஞன். மூச்சு வாங்குகிறான்.

"கைய விடுலே... விடு... விடு..."

ஒவ்வொரு 'விடு'வுக்கும் ஒரு அடி.

விடத்தான் நினைத்தேன்.

முடியவில்லை...

எங்கோ ஒரு வெளிச்சம் வந்தது. விரல்கள் தாமாகத் திறந்தன.

வந்தது சதாசிவன் என்ற ஆட்டோக்காரர். என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது அவர்தான்.

"ஆரு மக்கா அடிச்சது? எந்தப் பக்கம் ஓடினான்?"

"வண்டி... வண்டி இழுத்துது..."

"எந்த வண்டி? உன் வண்டி அங்க வளைவுல ஸ்டாண்டுலல்லா நிக்குது!"

தலையைத் திருப்பிப் பார்த்தேன். நான் நிறுத்திய இடத்திலேயே வண்டி நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. அங்கிருந்து நான் கிடந்த இடம்வரை ரோட்டில் நீளமாக ஒரு ரத்தக் கோடு. என்னுடையது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் அம்மா, "ஹெல்மெட் மாதிரி உருண்டையான எதாலயோ அடிச்சிருக்கு. எத்தனை பேரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் மஞ்சுவைப் பார்த்தார். மஞ்சு அழுதுகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் எலியா அண்ணன் பார்க்க வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அந்த டயரக் கொண்டு வந்து போட்டது ஒரு கோட்டுகால் பையன், நம்பர் உண்டு. கேக்கேன். அந்த டயருக்கு என்ன காரியமெண்ணு அவனே சொல்லட்டு."

ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவன் பெயர் அனூஜ்.

"தம்பி, நீ தந்த டயரப் பத்திக் கேக்கணும்..."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு...

"அதெல்லாம் எதுக்கு அண்ணே? அத விடு... விடு..."

நான் கட்டிலில் இருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அதே குரல்.

செத்தவன் குரல் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இவன் உயிரோடு இருக்கிறான். போனை எடுத்துப் பேசுகிறான்.

அடிதடி கேஸ் என்று என்னிடம் வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரரிடம், குரலை அடையாளம் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவனைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். என்னைப் பார்த்ததே இல்லை என்று சாதித்தவன், கால்வாய் ரோடு என்றதும் உடைந்துவிட்டான்.

மூன்று வாரம் முன்னால் அதே ரோட்டில் சோமன் என்ற ரப்பர் வெட்டுகிற தொழிலாளியை அவன் பைக்கால் இடித்திருக்கிறான். விழுந்தவரின் கைலி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவர் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். நிறுத்திய பிறகும் அவர் கையை விடவில்லை. ஆள் வந்துவிடுமோ என்ற பயத்தில், விடும்வரை ஹெல்மெட்டால் அடித்துவிட்டுக் கால்வாயில் தள்ளியிருக்கிறான். சோமன் கால்வாயில் தவறி விழுந்து செத்தார் என்றே ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

டயரைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. வண்டியை நான் விற்றுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அமிர்தா. அனூஜின் தங்கை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அண்ணா, உங்களுக்கு அடி விழுந்தது அன்னைக்கு விளக்கு வச்ச நேரமா?"

"ஆமா."

"அண்ணன் அப்ப வீட்டுலயாக்கும் இருந்தான். டிவி பாத்துட்டிருந்தவன் திடீர்னு எழும்பி ஹெல்மெட்ட எடுத்தான். வெறுந்தரையில ஓங்கி ஓங்கி அடிச்சான். விடு விடுன்னு கத்தினான். அம்மா பிடிச்சும் நிறுத்தல. பின்ன அப்படியே சரிஞ்சு உறங்கிட்டான்."

கோட்டுகால் அந்த ரோட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஹெல்மெட்டுல ரத்தம் இருந்தது. அண்ணன் மேல ஒரு கீறல் கிடையாது. நான்தான் கழுவினேன். பழைய ரத்தம்னா காஞ்சு போயிருக்கும் இல்லியா அண்ணா...

அது சூடா இருந்தது."