மூன்றரைக்கு மூடுகிற கேட்

உல்லாசக் கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது என்றால் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்? ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குப் பயணிகள் பஸ் ஓட்டுகிற ஸ்டியரிங் அக்காவிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. பஸ்ஸின் கண்ணாடியில் அவருடைய கைப்பேசி எண் ஒட்டியிருக்கிறது. குழம்பு கொதிக்கும்போதும், டயருக்குக் காற்றடிக்கும்போதும் அழைப்பு வரும். பதில் எப்போதும் ஒன்றுதான்.

“டிக்கெட்ல உங்களுக்குன்னு ஒரு நேரம் போட்டிருப்பாங்க, அந்த நேரத்துக்கு வாங்க. விடிஞ்சதும் வந்து நின்னா வெயில்ல காயணும். பழைய ஆளுங்க இறங்கி, ரூமெல்லாம் கூட்டித் துடைக்கிற வரைக்கும் உள்ள விட மாட்டாங்க. மூணரைக்கு மேல வந்தா கேட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகலாம்.”

ஓடி வந்து படியில் தொற்றிக்கொள்ளக் கப்பல் ஒன்றும் டவுன் பஸ் அல்ல. ஏறியவர்களின் பெயர்ப் பட்டியலை முடித்து அதிகாரிகளிடம் கொடுத்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். அந்த வேலைக்காகத்தான் மூன்றரைக்கே கேட் மூடுகிறது. நியாயமான விதிதான். விதிகளோடு அக்காவுக்குச் சண்டை கிடையாது. ஆளைப் பார்த்து வளைகிற விதியைக் கண்டால்தான் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

அந்தக் கொதிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அவர் முதலில் அதே பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பணிமனை மைதானத்தில் காலி பஸ்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டக் கற்றுக்கொண்டார். கனரக உரிமத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனபோது, ஒரு மணி ஆகிவிட்டது என்று ஜன்னலை மூடினார்கள். சரி, நேரம் நேரம்தான் என்று மரத்தடியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தார். உள்ளே மேசைத் தொலைபேசி ஒலித்தது. ஜன்னல் திறந்தது. வந்தவருடைய காகிதத்தை வாங்கிக்கொண்டு மறுபடி மூடியது. அன்று அக்கா வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உரிமம் பிறகு கிடைத்தது. பொம்பளை கைக்கு இந்த ஸ்டியரிங் திரும்புமா என்று கேட்ட முதலாளியையே முன் இருக்கையில் உட்காரவைத்து, சரக்கு லாரிகள் நெளிகிற துறைமுகச் சாலையில் ஒரு சுற்று கொண்டுபோய் இறக்கிவிட்டார். இறங்கியவர் வேறு ஏதும் கேட்கவில்லை, வேலையைக் கொடுத்துவிட்டார். பட்டப்பெயரும் அன்றே வந்தது.

வீடு, கணவரின் தையற்கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் எந்தச் சட்டையையும் சொன்ன நாளில் கொடுத்தவரில்லை. கடிகாரத்தோடு குடும்பம் நடத்துகிற அக்காவுக்கு இப்படி ஒரு வீட்டுக்காரரா என்று தெருவே சிரிக்கும். “வீட்டுல இருக்கிற நேரத்தையெல்லாம் அவ எடுத்துக்கிட்டா. எனக்கு மிச்சம் இருந்தாத்தானே” என்பார் அவர், வாயில் ஊசியோடு.

சொல்ல வந்தது ஒரு கப்பல் நாளைப் பற்றி.

அன்று கடைசி நடையின் பயணிகளை உள்ளே முனையக் கட்டடத்தில் இறக்கிவிட்டு, அக்கா வெளியே வந்து கேட்டருகே பஸ்ஸை நிறுத்தியிருந்தார். நான்கு மணிக்கு மறுபடி உள்ளே போய், வேலை முடிந்த துறைமுக ஊழியர்களை ஏற்றி வர வேண்டும். மூன்றரை தாண்டியிருந்தது. தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. அப்போது ஓர் ஆட்டோவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பை. கணவர் கிடங்கு ஒன்றின் காவலாளி. சலவை செய்த சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். மனைவி துணி இஸ்திரி போடுகிறவர். சேலை மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

கிடங்குக்காரர் டிக்கெட்டை நீட்டினார். கேட் காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டித் தலையாட்டினார்.

“கப்பல் அஞ்சு மணிக்குத்தானே? அவ்வளவு முன்னாடியே வந்துட்டோமே” என்றார் கிடங்குக்காரர். குரலில் சந்தேகம்கூட இல்லை. ரயிலுக்கு அரை மணி முன்னால் போவது வழக்கம், கப்பல் பெரிசு, ஆகவே இன்னும் முன்னால் போவோம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியிருக்கிறார். டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தைக் கட்டைவிரல் அகலத்துக்கு அச்சடித்திருந்தார்கள். கேட் மூடும் நேரம் எட்டாவது வரியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. படிக்கிறவன் தப்பு என்று சொல்லிவிடுவது எளிது. எதைப் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று முடிவு செய்தவனை யாரும் கேட்பதில்லை.

அக்கா இறங்கி விசாரித்தார். அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்ல. அவர்களுடைய மகள் அந்தக் கப்பலின் சலவை அறையில் வேலை செய்கிறாள். இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. கப்பல் இங்கே நிற்கும் சில மணி நேரம்தான் துண்டும் விரிப்பும் மலையாகக் குவிகிற நேரம். கரையில் இறங்க அனுமதி இல்லை. ஊழியர் குடும்பத்துக்கு என்று கொடுக்கிற சலுகை டிக்கெட்டில், மூன்று நாள் பயணத்துக்கு அப்பா அம்மாவை அவளே வரச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த வாரம் வேறொரு கடலுக்கு மாறுகிறது. இந்தக் கப்பலை விட்டால் இன்னும் ஒன்றரை வருடம்.

மனைவி பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “எங்க தலையெழுத்து அவ்வளவுதாங்க” என்றார்.

“தலையெழுத்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. டிக்கெட்ல இருக்கிற பொடியெழுத்து” என்றார் அக்கா. “எழுந்து பஸ்ல உட்காருங்க. வெயில்ல உட்கார்ந்து யாருக்கு என்ன லாபம்?”

ஏற்றி உட்காரவைத்தாரே தவிர, நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. காவலரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். காவலர் கெட்டவர் அல்ல. பட்டியல் மூடிப் போய்விட்டது, என் கையில் ஒன்றும் இல்லை என்றார். அக்கா தலையாட்டித் திரும்பிவிட்டார். விதி என்றால் விதி. நான்கு மணி நடைக்குப் பிறகு அவர்களை ரயிலடியில் இறக்கிவிடலாம் என்றுதான் அப்போது நினைத்திருந்தார்.

அப்போது காவலரின் கைப்பேசி ஒலித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். அப்படி எழுந்து நின்றதைக் கண்டதுமே அக்காவுக்கு உரிம அலுவலகத்து ஜன்னல் ஞாபகம் வந்தது. சாலை முனையில் ஒரு நீளமான கறுப்புக் கார் திரும்பியது. கொஞ்சம் பின்னால், பெட்டிகள் அடைத்த இன்னொரு கார். தடுப்புக் கட்டை மேலே போனது. யாரும் டிக்கெட் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தையும் காட்டவில்லை. கறுப்புக் கார் வேகத்தைக் குறைக்காமலே உள்ளே போனது.

பெட்டிக் கார் வந்து சேர்வதற்குள் பஸ் கிளம்பியது. கேட்டுக்குள் பாதி நுழைந்து நின்றது. கட்டை இறங்க வழியில்லை. பின்னால் பெட்டிக் கார் ஹாரன் அடித்தது.

காவலர் ஓடிவந்து ஜன்னலருகே நின்றார். “அக்கா, என்னக்கா இது? எடுங்க வண்டியை.”

“எடுக்கிறேன். எனக்கு உள்ள போக பாஸ் இருக்கு. பஸ்ல ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களைப் பதிஞ்சுக்குங்க.”

“நேரம் முடிஞ்சுதுக்கா. பட்டியல் போயிடுச்சு.”

“பட்டியல் போயிருந்தா இப்ப உள்ள போனவரை எப்படி ஏத்துவீங்க? அவரை ஏத்த முடியும்னா பட்டியல் இன்னும் உங்க கையிலதான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். பட்டியல் மூடியாச்சுன்னா அந்தக் காரை வெளிய வரச் சொல்லுங்க, நானும் பின்னால எடுத்துடுறேன்.”

அதற்குப் பதில் சொல்கிற சம்பளம் காவலருக்கு இல்லை. உள்ளே போன் போட்டார். பஸ் கம்பெனி மேலாளரிடமிருந்து அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஊர்வம்பு நமக்கெதற்கு, ஒப்பந்தம் போய்விடும், உடனே வண்டியைப் பின்னால் எடு என்று கத்தினார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டு, கேட்டில் சோதனை நடக்கிறது சார், முடிந்ததும் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். பொய் இல்லை.

பஸ்ஸுக்குள் கிடங்குக்காரர் எழுந்துவிட்டார். எங்களால் உங்கள் வேலைக்கு ஆபத்து வேண்டாம், இறங்கிக்கொள்கிறோம் என்றார். அவர் மனைவி எழவில்லை. கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “அந்தம்மாவே பயப்படலை, நீங்க எதுக்கு நடுங்குறீங்க?” என்றார். பையில் உட்கார்ந்து தலையெழுத்து என்று சொன்ன அதே பெண்.

முனையத்திலிருந்து அதிகாரி ஒருவர் வேகமாக நடந்துவந்தார். அவருக்குப் பின்னால், ஏன் தாமதம் என்று பார்க்கக் கறுப்புக் காரின் பெரிய மனிதரும் வந்தார். பெட்டிகளும் மாத்திரைப் பையும் பின்னால் வந்த காரில் மாட்டிக்கொண்டிருந்தன. அதிகாரி ஏதோ விதி எண்ணைச் சொல்லத் தொடங்கினார். அக்கா அதே கேள்வியை, சொல் மாறாமல் மறுபடி கேட்டார். பட்டியல் மூடியதா, திறந்திருக்கிறதா?

பெரிய மனிதர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். “இவங்க ரெண்டு பேரா? ஏத்திக்க வேண்டியதுதானே. இதுக்கா என் பெட்டியெல்லாம் நிக்குது?” என்றார்.

கொடுமை என்னவென்றால், அந்த வாக்கியத்தால்தான் வேலை நடந்தது. அக்காவின் நியாயம் அசைக்காத அதிகாரியைப் பெரிய மனிதரின் மாத்திரைப் பை அசைத்தது. அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பை வெளியே நிற்கும்படி பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர்தான். அதிகாரி இரண்டு டிக்கெட்டையும் வாங்கி, பஸ் பக்கவாட்டிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அக்கா கியரைப் போட்டார்.

மேலாளர் ஒரு மாதம் அவரைத் துறைமுக நடையிலிருந்து எடுத்துவிட்டுப் பள்ளிக்கூட நடையில் போட்டார். போட்ட நான்காம் நாளே அக்காவிடம் திரும்ப வந்தார். புதிய ஓட்டுநர் லாரிச் சாலையில் பக்கக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்தார். “சம்பளப் பிடித்தம் ஏதும் இல்லைன்னு எழுதிக் கொடுங்க சார், வர்றேன்” என்றார் அக்கா. எழுதிக் கொடுத்தார்.

கப்பல் திரும்பிய மூன்றாம் நாள் இன்னும் பள்ளிக்கூட நடையில் இருந்ததால் அந்தத் தம்பதியை ஏற்ற அக்காவால் போக முடியவில்லை. அவர்களே முகவரி விசாரித்து, தையற்கடைக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் கணவர் நாற்காலியில் இருந்த அரைகுறைச் சட்டைகளை அள்ளிவிட்டு உட்காரச் சொன்னார். மகள் எப்படி இருக்கிறாள், நிறையப் பேசினாளா என்று அக்கா கேட்டார்.

“எங்க பேசினா? வேலை விட்டதும் எங்க ரூமுக்கு ஓடி வருவா. கட்டில்ல உட்காருவா, ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள தூங்கிடுவா” என்றார் தாய். “கையெல்லாம் சோப்புல வெந்து கிடக்கு. மூணு நாளும் என் மடியிலதான் தூங்கினா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

ஒருத்தியின் தூக்கத்தை உருவித்தான் இன்னொருவர் படுக்கை அத்தனை வெள்ளையாக விரிக்கப்படுகிறது என்பதை அந்தக் கப்பலில் எந்த எழுத்திலும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது தாய் ஒரு சேதி சொன்னார். மகளை வேறு கடலுக்கு அனுப்பவில்லை. அவளே போய் மேற்பார்வையாளரிடம், கரையில் இறங்க நாள் கொடுத்தால்தான் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று சொல்லிவிட்டாளாம், அவர்களும் ஒத்துக்கொண்டார்களாம். கேட்டில் நடந்ததை அவளிடம் சொன்னீர்களா என்று அக்கா கேட்டார். ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள் என்றார் தாய்.

“இனிமே இப்படி ஆகாதுங்க” என்றார் கிடங்குக்காரர். “அவ திரும்ப இந்தத் துறைமுகத்துக்கு வர்ற அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே கேட்டுல நிப்போம்.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இவ்வளவு சொல்லியும் உங்களுக்கு ஏறலையே. விடியறதுக்கு முன்னாடி வந்து என்ன பண்ணப் போறீங்க? அவ இறங்குறதுக்கு மதியம் ஆயிடும். பன்னெண்டு மணிக்கு ரயிலடிக்கு வாங்க. என் பஸ் அங்கதான் நிக்கும்.”