கையில் வைத்திருந்த கடற்பூதம்

திருகோணமலை இறங்குதுறையில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுக்கு ரிக்கற் கொடுக்கிற சோமசேகரத்துக்கு, நாற்பது வயதை எட்டிப்பிடிக்கிற காலத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை, கடைசிவரை செய்து முடித்துவிட வேண்டும். வெற்றியோ தோல்வியோ, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது என்ன பெரிய ஆசை என்று கேட்பவர்கள் அவருடைய கதையைக் கேட்காதவர்கள். உயர்தரப் பரீட்சையில் கடைசிப் பாடத்தன்று ஊரடங்குச் சட்டம். சரி, அடுத்த முறை எழுதலாம் என்றால், அடுத்த முறை பரீட்சை மண்டபத்தில் அகதிகள் பாய் விரித்திருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில், இடைவேளைக்குத் தோடம்பழம் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது சண்டை தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதி இன்றுவரை ஆடப்படவில்லை. போட்டிருந்த ஜேர்சியோடு நிலாவெளி, புல்மோட்டை என்று கரையோரமாக வடக்கே ஓடியவர், ஊர் திரும்பச் சில வருடங்கள் பிடித்தன. கல்யாணமாவது ஒழுங்காக நடந்ததா? முதல் பந்தியில் பாயாசம் வருவதற்கு முன் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. சனம் பாதிச் சோற்றில் எழும்பிப் போனது.

"நல்ல காலம், தாலியை முதலே கட்டிப் போட்டார். இல்லாட்டி அதுவும் அரைவாசியில நிண்டிருக்கும்," என்று மனைவி பூரணி அன்புவழிபுரம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரிக்காத ஒரு விஷயமும் அந்த வீட்டில் இருந்தது. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு பச்சைப் பை. ஓட்டப் பை என்று அதற்குப் பெயர். ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகச் சோமசேகரம் கட்டிவைத்தது. பால்மா, பிஸ்கட், மெழுகுதிரி, டோர்ச்சு, சவர்க்காரம், உடுத்தாத புதுச் சாரம் ஒன்று, புதுச் சேலை ஒன்று. பிஸ்கட் பழுதாகப் போகிற நேரத்தில் அதை வெளியே எடுத்துவிட்டுப் புதிதை உள்ளே வைப்பார். அதனால் அந்த வீட்டில் தேத்தண்ணியோடு நமத்துப்போன பிஸ்கட்டைத்தான் எப்போதும் கடித்தார்கள். நல்லதெல்லாம் இன்னும் மோசமான ஒரு நாளுக்காகப் பைக்குள் காத்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் காட்ஸ் விளையாட்டுக்குள் விழுந்தது கனகசுந்தரத்தால். கடிதாசி, பேனை விற்று, போட்டோக் கொப்பியும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர் அவர், முன்னாள் பள்ளிக்கூட மாஸ்டர். கடல் பொங்கி ஊரை அடித்துப்போன பிறகு நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன், சண்டை திரும்பவும் மூளும்போல் இருக்கிறதென்று வேலையை விட்டுப் போகையில், பிரிக்காத காட்ஸ் பைக்கற்றுகள் நிறைந்த பெட்டியொன்றையும் விளையாட்டின் சட்டப் புத்தகத்தையும் கனகருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். வழக்கமான ஆடுதன், இஸ்பேட் காட்ஸ் இல்லை இவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிராணியின் படமோ, ஒரு மந்திரமோ, அதன் பலமோ அச்சடித்திருக்கும். ஆளுக்கு இருபது உயிர். பிராணிகளை இறக்கி எதிராளியை அடித்து, அவருடைய உயிரைப் பூச்சியமாக்கினால் வெற்றி.

கனகர் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, கடையின் பின்னறையில் போட்டி ஆரம்பித்தார். காசுள்ளவன் நல்ல காட்டை வாங்கிச் சேர்க்கிற வேலை அதில் இல்லை. ஆளுக்கு ஆறு பைக்கற். மேசையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வந்ததைக்கொண்டு நாற்பது காட்டில் ஒரு கட்டுக் கட்டவேண்டும். அதோடுதான் போட்டி முடியும்வரை ஆடவேண்டும். வந்ததை வைத்துச் சமாளிக்கிறது என்றால் சோமசேகரத்துக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்? அன்றே பெயரைக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் அவர் கட்டிய கட்டைப் பார்த்துக் கனகர் தலையில் அடித்துக்கொண்டார். முழுக்க மதில்கள். எதிராளி அடித்தால் தாங்கும், திருப்பி அடிக்கத் தெரியாது.

"தம்பி சோமு, இது விளையாட்டோ, பங்கரோ?"

தோற்றுத் தோற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மதில்களைக் குறைத்தார். சின்னப் பிராணிகளை முதலில் இறக்கவும், எதிராளியின் உயிரை எண்ணிக்கொண்டே ஆடவும் பழகினார். ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. அவருக்குப் பைக்கற்றில் வந்ததிலேயே பெரிய காட் கடற்பூதம். நீலமும் கறுப்புமாக, அலைக்குள்ளிருந்து எழும்புகிற படம். இறக்கிய அந்த நேரமே பாய்ந்து அடித்து, குறுக்கே ஒன்றும் நிற்காவிட்டால் எதிராளியின் எட்டு உயிரைப் பறிக்கும். அது கைக்கு வந்தால் சோமசேகரம் ஒரு ஓரமாகச் சொருகிவைத்துக்கொள்வார். அதை மேசையில் கண்டவர் யாருமில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவர் கொழும்புக்குப் போனார், ஒருவர் இந்தியாவுக்குப் படகேறினார், சிலர் பயத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிடுவதையே நிறுத்தினார்கள். கடைசியில் இறுதியாட்டத்துக்கு மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் சோமசேகரம். மற்றவர், பஜாரில் மணிக்கூடு திருத்துகிற பாயிஸ். மூதூர்க்காரர். காலையில் சோமசேகரத்திடம் ரிக்கற் வாங்கி வந்து, பின்னேரக் கடைசி லோஞ்சில் திரும்பிப் போகிறவர். வீட்டில் மனைவி நபீஸாவுக்கு எட்டாம் மாதம்.

இறுதியாட்டத்தன்று காலையிலேயே ஊர் சரியில்லை. சோதனைச்சாவடியில் வரிசை நீண்டிருந்தது. கடைகள் பாதிக் கதவைத்தான் திறந்திருந்தன. கனகர் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டத்தை வாசித்தார்.

"மூண்டில ரெண்டு வெண்டால் வெற்றி. ஆட்டம் நடக்கேக்க கதிரையை விட்டு எழும்பினால் தோல்வி. நான் ஆருக்கும் முகம் பார்க்க மாட்டன்."

முதலாவதைப் பாயிஸ் வென்றார். இரண்டாவதைச் சோமசேகரம் வென்றார். மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. சோமசேகரத்திடம் ஐந்து உயிர், பாயிஸிடம் ஏழு. கடற்பூதம் கையில் இருந்தது. பாயிஸின் பக்கம் மேசை வெறுமை, குறுக்கே நின்று தடுக்க ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் பாயிஸின் கையில் என்ன இருக்கிறதோ, எதைத் தூக்கிப் போட்டுப் பூதத்தை அழிப்பாரோ என்ற பயம் சோமசேகரத்தை விடவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று ஒரு சின்ன மதிலை இறக்கினார். "என்ர முறை முடிஞ்சுது," என்றார். பூதத்தை ஓரத்தில் இன்னும் உள்ளே தள்ளிச் சொருகினார்.

பாயிஸ் கட்டிலிருந்து ஒரு காட்டை இழுத்தார்.

அப்போதுதான் வெடித்தது. பஜார்ப் பக்கம். கூரைத் தகரம் அதிர்ந்து, அலுமாரிக் கண்ணாடி கலகலத்தது. தொடர்ந்து துவக்குச் சத்தம். வெளியே கடைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. கனகர் விளக்கை அணைத்தார்.

பாயிஸ் கதிரையைப் பின்னால் தள்ளினார். "லோஞ்சு போயிரும் சோமண்ணன். நபீஸா தனிய இருக்கா. நான் எழும்புறன். நீங்க வெண்டதா வெச்சிக்கங்க."

சோமசேகரம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருக்கும். பிள்ளைத்தாய்ச்சி மனைவியிடம் ஓடுகிற மனிதனை மறித்துவைத்து, "ஒரு முறை. ஒரேயொரு முறை ஆடிப்போட்டுப் போம்," என்று கெஞ்சினார். இதுவும் அரைகுறையாகப் போகிறதே என்று அவருக்கு அழுகை வந்தது. பாயிஸ் கையை இழுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் சோமசேகரத்துக்குப் புத்தி வந்தது. கையை விட்டார்.

"மாஸ்டர், இதை ஒத்திவைப்பம்," என்றார் கனகரிடம்.

"சட்டத்தில அப்பிடியொண்டும் இல்லை."

"சட்டத்தில குண்டும் இல்லையே!"

கனகர் மேசைக்கு மேலே குனிந்தார். மேசையில் இருந்ததைப் படம் போல மனதில் வாங்கிக்கொண்டார். இருவரும் தங்கள் கட்டை வரிசை குலையாமல் றப்பர் பட்டி போட்டு, கையிலிருந்த காட்ஸைத் தனியாகச் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். வெல்கிற தோற்கிற காட் அவரவர் நெஞ்சில், காவலுக்கு ஒருவருமில்லை. சோமசேகரம் கடைத் தொலைபேசியில் இறங்குதுறையைக் கூப்பிட்டு, "என்ர ஆளொண்டு வருது, கயிறை அவிழ்க்காதையுங்கோ," என்று கத்தினார். பிறகு இருவரும் ஒழுங்கைக்குள்ளால் ஓடினார்கள். ஒரு சந்தியில் இராணுவத்தார் மறித்தபோது சோமசேகரம் தன் ரிக்கற் புத்தகத்தைக் காட்டி, நடுங்கிய சிங்களத்தில் ஏதோ சொன்னார். விட்டார்கள். லோஞ்சு போகாமல் காத்து நின்றது. பாயிஸ் பாய்ந்து ஏறினார். இயந்திரச் சத்தத்துக்குள் அவர் என்னவோ சொன்னது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு லோஞ்சு ஒருநாள் ஓடும், பல நாள் ஓடாது. பாயிஸின் கடை பூட்டியே கிடந்தது. சோமசேகரத்தின் கட்டு றப்பர் பட்டியோடு அலுமாரியில் இருந்தது. மேல் காட் என்னவென்று பார்க்கக் கை ஊறும். பார்த்தால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் பார்க்கவில்லை. ஊரிலோ கதை வேறாக இருந்தது. தமிழனும் முஸ்லிமும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. "அவன் எப்பவோ கட்டை மாத்தியிருப்பான்," என்று கனகரின் கடையில் ஒருவர் சொன்னபோது, சண்டை பிடித்தறியாத சோமசேகரம் அவருடைய சேர்ட்டைப் பிடித்துவிட்டார்.

பிறகு மூதூரில் செல் குண்டு விழுந்தது. விடாமல் விழுந்தது. குடாவுக்கு அந்தப் பக்கம் புகை எழும்புவதை இறங்குதுறையிலிருந்து பார்க்க முடிந்தது. சனம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கால்நடையாகக் கந்தளாய்ப் பக்கம் ஓடுகிறதென்று செய்தி வந்தது. பாயிஸின் கைத்தொலைபேசி செத்துக் கிடந்தது. சோமசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கவலைக்கு நடுவிலும், ஆட்டம் இனி முடியாதே என்ற நினைப்பு ஒரு மூலையில் எட்டிப்பார்த்தது. சீ, நானும் ஒரு மனுசனா என்று தன்னையே வைதுகொண்டார்.

ஒரு மத்தியானம் இறங்குதுறை ரிக்கற் கந்தோர்த் தொலைபேசி அடித்தது.

"சோமண்ணன், நான் பாயிஸ் கதைக்கிறன். கந்தளாயில ஸ்கூல் ஒண்டுல இருக்கம்."

"வீட்டுக்காரி?"

"அல்ஹம்துலில்லாஹ். பொம்புளப் புள்ள. வார வழியில, மரத்துக்குக் கீழதான் பொறந்த. ரெண்டு பேரும் சொகம்."

சோமசேகரம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். பாயிஸ் தொடர்ந்தார்.

"காட்ஸ் இல்ல அண்ணன். கட்டு, கையில இருந்தது எல்லாம் வீட்டோட போயிட்டு. மன்னிச்சுக்கங்க."

"விசர்க் கதை கதையாதையும். உயிர் இருக்கு, அது காணும்."

"இல்ல, கேளுங்க. வெடிச்ச நேரம் நான் ஒரு காட் இழுத்தனே, அத அப்ப பாக்கவே இல்ல. லோஞ்சுல ஏறினாப் பொறகுதான் பாத்த. எரிமழை. அஞ்சு உசிரு போகும்."

சோமசேகரத்துக்கு அந்த மந்திரம் தெரியும். மதிலால் மறிக்க முடியாது. அவரிடம் இருந்ததும் ஐந்துதான்.

"அப்ப நான் தோத்திட்டன்," என்றார்.

"ஓம் அண்ணன். தோத்துட்டீங்க. மேசையில போட்டு, உங்கட மூஞ்சியப் பாத்துச் சொல்லணும் எண்டு ஆசையா வெச்சிருந்த. வெச்சிருந்து என்னத்தக் கண்ட, அதுவும் போயிட்டு." தொலைபேசிக்குள் சின்னதாய் ஒரு சிரிப்பு. "நம்புறீங்களா?"

"இதென்ன கேள்வி."

"சரி, உங்கட கையில என்ன இருந்த?"

சோமசேகரம் சொன்னார்.

"கடற்பூதமா? எப்ப இருந்து?"

"அது கன நேரமா இருந்தது."

"எனக்கு ஏழு உசிருதானே அண்ணன். மேசையும் வெறுமை. என்ட கையிலயும் தடுக்க ஒண்டுமில்ல. போட்டிருந்தா அந்த வெடிக்கு முந்தியே நீங்க வெண்டு முடிச்சிருப்பீங்களே. ஏன் போடல்ல?"

"பிறகு தேவைப்படும் எண்டு வைச்சிருந்தனான்," என்றார் சோமசேகரம்.

அந்தப் பதில் அவருடைய காதிலேயே வந்து விழுந்தது. தொலைபேசிக்குள் குழந்தையொன்று வீரிட்டு அழுதது. காசு முடிகிறது என்று பாயிஸ் சொன்னார். தொலைபேசி அறுந்தது.

சோமசேகரம் வீட்டுக்கு வந்தபோது பூரணி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். "தோத்திட்டன் பூரணி," என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிந்தது. "முடிஞ்சுது. முழுசா முடிஞ்சுது."

அவர் கதவுக்குப் பின்னால் போய் ஓட்டப் பையை ஆணியிலிருந்து எடுத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பால்மா, சவர்க்காரம், மெழுகுதிரி, மடிப்புக் குலையாத புதுச் சேலை.

"எங்கையும் பிரச்சினையோ? ஓட வேணுமோ?" பூரணி கிட்ட ஓடிவந்தாள்.

"ஓடின சனத்துக்குத்தான் கொண்டுபோறன். பாயிஸுக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு, கந்தளாயில."

பூரணி உள்ளே போய், தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து ஒருநாளும் விரிக்காத வெள்ளைப் போர்வையை எடுத்துவந்து பைக்குள் வைத்து அமுக்கினாள். பிஸ்கட் பைக்கற்றை மட்டும் அவர் வெளியே எடுத்தார். புதியது. அதை அங்கேயே உடைத்து, அவளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடித்தார். மொறுமொறுவென்று இருந்தது. மிச்சத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, கந்தளாய் பஸ் ஓடுகிறதா என்று கேட்கச் சந்திக்கு நடந்தார்.