அடுப்பு மேட்டில் பேட்டரிகள்

ஈர விறகு காயவைக்கிற அடுப்பு மேட்டில், ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில், பழைய டோர்ச் பேட்டரிகள் வரிசையாக நிற்கும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை நினைத்தாலே எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். அவற்றை அங்கே நிறுத்தி வைத்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். தேயிலைத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும், கைகால் கழுவுவதற்கு முன்பே குனிந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். "என்ன அத்தான், வெந்துருச்சா? உப்புப் போட்டாச்சா?" என்று கேலி செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சூடேறிய பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

அக்கா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எங்கள் மலைநாட்டில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்ட காலம் அது. குழந்தை என் இடுப்பில் வளர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து, அங்கிருந்து திரும்பிய ஒருத்தியிடம் அக்கா ஒரு சின்ன கேசட் பிளேயரையும், தன் குரல் பதிந்த கேசட் ஒன்றையும் கொடுத்தனுப்பினாள். "சாப்டியா தங்கம்? அம்மா வந்துருவேன். சித்தி சொல்றதக் கேளு." நடுவில் மூக்கை உறிஞ்சுவாள், பிறகு தானே சிரிப்பாள். குழந்தை எழுந்து போய் அந்தப் பெட்டிக்கு முத்தம் கொடுத்தது. அன்றைக்குத்தான் அத்தான் சொன்னார்: "இந்தக் குரல் நிக்கவே கூடாது புள்ள. அவ திரும்பி வர்றப்ப கொழந்த 'யாரு இது'ன்னு கேட்டுச்சுன்னா அவ செத்தே போயிருவா."

சொல்லிவிட்டார். ஆனால் லயமே திரண்டு வந்து கேட்டதில், பிளேயரோடு வந்த பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதிது வாங்க எங்கள் சம்பளம் இடம் கொடுக்காது. லயத்துக்குக் கரண்டும் கிடையாது. பிளேயரோடு ஓர் அடாப்டர் வந்திருந்ததே என்று, அத்தான் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அங்கே பிளக்கில் குத்தினார். குபுகுபுவென்று புகை! பிளேயர் பிழைத்தது எந்தச் சாமி புண்ணியமோ.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கருகிய அடாப்டரோடு பதுளை டவுனுக்குப் போனோம். ரேடியோக் கடைக்கார முஸ்லிம் நானா அதை மோந்து பார்த்துச் சிரித்தார். "இது அந்த நாட்டுக் கரண்டுக்குள்ளது. நம்மட கரண்ட் அதப்போல ரெண்டு மடங்கு. கருகாம என்ன செய்யும்? இனி ஒண்டும் செய்ய ஏலா." அத்தான் கடையை விட்டு நகரவே இல்லை. வேறு வழி சொல்லுங்கள் என்று நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் நானா, "இதுக்கு வேண்டியது நாலு பேட்டரி. அது சின்னதா பெருசாண்டு இது பாக்காது" என்றார். அத்தானுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து மூங்கிலை வெட்டினார். பிளேயருக்குள் நுழையாத பெரிய டோர்ச் பேட்டரிகளை அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இரண்டு முனையிலிருந்தும் கம்பி இழுத்துப் பிளேயரில் கட்டினார். காவல்காரர் வீசியது, கங்காணி வீட்டில் கழித்துக் கட்டியது என்று தோட்டத்துச் செத்த பேட்டரியெல்லாம் எங்கள் அடுப்பு மேட்டுக்கு வந்து சேர்ந்தது. சூடு காட்டினால் கொஞ்சம் உயிர் வரும். பிச்சைக்காரப் புத்தி என்று பக்கத்துக் காம்பராவில் சிரித்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் குழந்தையைக் குளிப்பாட்டி உட்காரவைப்போம். ஆனால் அந்தப் பேட்டரிகளின் சக்தி அவ்வளவுதான். அக்காவின் குரல் கட்டையாக இழுத்து இழுத்து வரும். "அக்கா என்ன, மேடையில பேசுற தலைவர் மாதிரி ஆயிட்டா?" என்றேன் ஒரு நாள். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "இழுத்தாலும் அவ குரல்தானே புள்ள!"

அக்கா வந்து இறங்கிய அன்று மழை. பையைக் கீழே போட்டுவிட்டு, "தங்கம், அம்மா வந்துட்டேன்டி" என்று கையை நீட்டினாள். குழந்தை என் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. "இது அம்மா இல்ல. அம்மா மெதுவாத்தான் பேசும்" என்றது. அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை பாடும் இதற்குத்தானா? அத்தான் மட்டும் அசையவில்லை. "நீ இழுத்துப் பேசு. கட்டையா. பேட்டரி எறங்கின மாதிரி" என்றார். அக்கா ஒன்றும் புரியாமல், அழுதுகொண்டே, "சா...ப்...டி...யா... த...ங்...க...ம்..." என்றாள். சேலைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரே ஓட்டம், அக்காவின் மடிக்கு.

அந்தக் குழந்தை இப்போது பண்டாரவளையில் டீச்சர். போன வருஷம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது. பேச்சு குழறி, ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே பெரிய இழுவை. டாக்டருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அக்காவே காதைக் கிட்டே வைத்துக் கேட்டுத் தோற்றுப்போனாள். மகள் வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அவசரப்படாமல், அவர் முடிக்கிறவரைக்கும் கேட்டாள். "அப்பாவுக்குக் குளிருதாம். அடுப்புகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றாரு" என்றாள். இதில் என்ன புரியவில்லை உங்களுக்கு என்பதுபோல எங்களைப் பார்த்தாள்.

இப்போது சமையல் கேஸில்தான். பின்கட்டில் பழைய விறகு அடுப்பு இன்னும் இருக்கிறது. அவளே அதை மூட்டி, அவரை முன்னால் உட்காரவைத்து, விறைத்துப்போன கைகளைத் தன் கையில் ஏந்தி அனலில் காட்டினாள். ஒரு பக்கம் சூடேறியதும் மெல்லத் திருப்பிப் பிடித்தாள். உப்புப் போட்டாச்சா என்று கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.