வியாழக்கிழமை வாங்கில் மரகதம் அக்கா

புதன்கிழமை காலை கடை திறந்து, முதல் துணியை அளந்துகொண்டிருந்தபோது திகனயிலிருந்து நசீமா போன் எடுத்தார். "மரகதம் தாத்தா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். திகனப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். அளந்ததை மறந்து குறைத்து வெட்டிவிட்டேன்.

அரை மணி நேரம் ஆகவில்லை, இரண்டாவது போன். எங்கள் மாகாண மாதர் சங்கச் சம்மேளனத்தின் தலைவி. பாவம் என்றார். அடுத்த மூச்சில், பேனர் அடிக்க வேண்டும், சம்மேளனச் சேலையில் மரகதம் நிற்கிற படம் உங்களிடம் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தச் சேலைகளைச் சம்மேளனத்துக்குக் கொடுத்தவளே நான். மரகதம் அக்கா அதை ஒரு நாளும் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். தலைவிக்கும் தெரியும்.

தலைவியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்கும்.

கலஹா, குண்டசாலை, திகன சங்கங்களின் சகோதரிகளே, அக்காவை அறிந்தவர்கள் நீங்கள். சம்மேளனம் நினைவு மலர் போடுகிறதாம். அதற்கு என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். இந்த இரண்டு பக்கத்தை அவர்கள் போடமாட்டார்கள் என்பதால் நானே அச்சடித்து உங்கள் கையில் தருகிறேன்.

நான் அக்காவை முதலில் பார்த்தது கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்போது எனக்குக் கடை இல்லை. பையில் துணி சுமந்து, தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி விற்றுக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். அளவுகோலை வைத்து அளக்கும்போது கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விரல் அகலம் மிச்சம் பிடிப்பது அன்றைக்கு என் பிழைப்பு. கூட்டத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு, பையைத் தூக்கிவிட வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, உங்க கட்டவெரலு ரொம்ப பெருசா இருக்கு. அடுத்த தடவ வரும்போது அத வீட்டுல வச்சிட்டு வாங்க."

அன்றிலிருந்து எல்லா இடத்திலும் நேர்மையாக அளந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். அந்த லயத்தில் நேர்மையாக அளந்தேன். அங்கே தொடங்கிய பழக்கம் அது.

அவருடைய தங்கை இந்திராணிக்கு வலது கண் மங்கத் தொடங்கியது. விடியற்காலை பஸ் ஏறி, பேராதனையில் இறங்கி மாறி, ஓர் ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். கையில் அறுபதாம் இலக்கத் துண்டு. நோயாளிகள் வரிசையாக உட்காரும் நீள மர வாங்கில் மதியம் வரை காத்திருந்தாள். கதவடியில் வந்து ஒரு பெண் "ஹெட்ட" என்று கூப்பிட்டார். இந்திராணி துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஏன் என்று நம்மவர்களுக்கு விளங்கும். சிங்களத்தில் நாளை என்பதற்கு ஹெட்ட. அறுபது என்பதற்கும் நம் காதில் ஏறக்குறைய அதே ஹெட்டதான். அறுபது அவளுக்குத் தெரியாது. நாளை தெரியும். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அவளிடம் சொல்லப்பட்ட சொல் அது ஒன்றுதான்: "ஹெட்ட என்ன", நாளைக்கு வா. அன்றைக்கும் அதையே சொல்கிறார்கள் என்று நினைத்தாள். மறுநாள் போனபோது அது கண் கிளினிக் நாளே இல்லை. அடுத்த முறை இலக்கம் கிடைத்து உள்ளே போவதற்குள், இந்தக் கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாகிவிட்டது. கூப்பிட்ட பெண்மேல் குற்றமில்லை. அவர் சரியாகத்தான் கூப்பிட்டார்.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மரகதம் அக்கா எழுந்து நின்றார். அதுவரை எங்கள் சம்மேளனத்தின் சேவை என்றால் தோட்டத்துப் பெண்களை வரிசையில் நிறுத்திச் சேலை கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பை கொடுப்பது, படம் எடுப்பது. நானும் சேலை விற்றேன். குறை சொல்ல எனக்கு வாயில்லை. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. கிளினிக் நாளான வியாழக்கிழமைகளில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருத்தி அந்த வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேடையிலிருந்து தலைவி சிரித்தார். "உட்கார்ந்திருக்கிறதும் ஒரு சேவையா, மரகதம்?" என்றார். கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை.

அடுத்த வியாழன் அவர் தனியாகப் போய் உட்கார்ந்தார். அடுத்த வியாழனும். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் கடைத்தெருவிலும் பழகிய சிங்களம் அவருடையது. எழுத்துத் தெரியாது, பேச்சு நன்றாக வரும். மூன்றாவது மாதம், கூச்சம் தாங்காமல் நானும் போனேன். பிறகு நசீமா வந்தார். குண்டசாலைச் சங்கத்துப் பெண்கள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்தார்கள். எந்த வியாழன் யார் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினோம். நோட்டு என் கடையில் இருந்தது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். நோயாளியின் உள்ளங்கையில் அவள் இலக்கத்தைப் பேனாவால் எழுதுவார். பிறகு அந்த இலக்கத்தின் சிங்களச் சொல்லை அவள் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். அறுபது வந்தால் தனிப் பாடமே நடக்கும். "சிரிச்ச மாதிரி சொன்னா நாளைக்கு. வாயத் தொறந்து சொன்னா அறுபது. சிரிக்கிறவங்கள நம்பி எந்திரிச்சுப் போயிடாதீங்க" என்பார். வாங்கு முழுவதும் பெண்கள் வாயைத் திறந்து ஹெட்ட, ஹெட்ட என்று பழகிக்கொண்டிருப்பார்கள். கதவடியில் கூப்பிடும் பெண்கூட நின்று பார்ப்பார்.

டாக்டர் முன்னால் ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். ஒரு தடவை, இவ்வளவு வலிக்கிறது என்று கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் சீக்கிரம் பார்ப்பார்களே என்று நான் யோசனை சொன்னேன். வியாபாரி புத்தி. "நான் வாய் மட்டுந்தான் தங்கச்சி. வலி அவங்களோடது" என்றார்.

ஏன் இப்படி வாரம் தவறாமல் வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தங்கைமேல் உள்ள பாசம் என்று சொல்வார் என நினைத்தேன். "அந்த ஹெட்டங்கிற சொல்ல நான் பழிவாங்காம விடமாட்டேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், வெற்றிலை வாங்கப் போவதைச் சொல்வதுபோல.

சில ஆண்டுகளில் அந்த வாங்கைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதற்கடுத்த வியாழன் தலைவி வந்தார், படக்காரரோடு. எங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு வயதான பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்தார். படக்காரர் வெளிச்சம் பார்த்தார், கோணம் பார்த்தார். அதற்குள் அந்தப் பெண்ணின் இலக்கம் கூப்பிட்டாகிவிட்டது. அக்கா சொன்னார்: "மேடம், நீங்க புடிச்சிருக்கிற கைக்குச் சொந்தக்காரிய உள்ள கூப்பிட்டுட்டாங்க. கைய விடுங்க."

அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. ஓரத்தில் மரகதம் அக்காவின் முழங்கை மட்டும் தெரியும். கொழும்பில் நடந்த மாநாட்டில் அந்தச் சேவைக்கு விருது கொடுத்தார்கள். மேடை ஏறி வாங்கியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரகதத்துக்கு மேடைப் பேச்சு வராது, அதனால் அழைக்கவில்லை என்றார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கே வாயாக இருந்தவருக்குப் பேச்சு வராதாம்.

மாநாடு முடிந்த மாதம் அக்கா ஒரு கடிதத்தோடு என் கடைக்கு வந்தார். முழுவதும் ஆங்கிலம். வாசித்துச் சொல்லச் சொன்னார். சம்மேளனச் சேலை அணியும் ஒழுங்கைக் கடைப்பிடிக்காததால் சேவைக் குழுவிலிருந்து நீக்கப்படுகிறீர்கள் என்று இருந்தது. நான் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன், அவரிடம் கற்றதுதானே. "எனக்கே துணைக்கு ஆள் தேவைப்படுற மாதிரி எழுதிட்டாங்க பாருங்க" என்றார். அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை. என் அலுமாரியில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் கடைக்கு வரலாம்.

தலைவியை மன்னித்துவிடுங்கள் என்று பலர் அவரிடம் சொன்னார்கள். அக்கா சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன்: "மன்னிக்கல. மன்னிச்சா வியாழக்கிழம வீட்டுல படுத்துத் தூங்கிப்புடுவேன்." குழுவிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் ஒரு வியாழன்கூட அவர் தவறவில்லை. கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலையிலும் எனக்குப் போன் எடுத்தார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, நாளை மறுநாள் எனக்குப் பதிலாக நீங்கள் போங்கள் என்றார். மறுநாள் காலையில் அவர் இல்லை.

சாவு வீட்டுக்குச் சம்மேளனம் வந்தது. பேனரும் வந்தது, அதில் அக்காவின் படத்துக்குப் பதிலாக ஒரு விளக்குப் படம் போட்டிருந்தார்கள். தலைவி சம்மேளனத்தின் பெயர் பொறித்த துணிப்பட்டியை உடல்மேல் குறுக்காகப் போர்த்திவிட்டு, மரகதம் எங்கள் சம்மேளனத்தின் சொத்து என்று பேசத் தொடங்கினார். தலைமாட்டில் இருந்த இந்திராணி எழுந்தாள். அந்தப் பட்டியை எடுத்தாள், ஒற்றைக் கண்ணால் ஓரம் பார்த்து நிதானமாக மடித்தாள், தலைவி கையில் கொடுத்தாள். "அக்காவுக்கு இது பழக்கமில்லம்மா" என்றாள். தலைவியின் பேச்சு அதோடு நின்றது. துக்க வீட்டில் சந்தோஷப்படக் கூடாது என்பார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

பதினாறு முடிந்ததும் மூன்று சங்கத்துப் பெண்களும் என் கடை மாடியில் கூடினோம். சிலர் பொறுத்துப் போகலாம் என்றார்கள். நசீமா, "தாத்தா இல்லாத சம்மேளனத்துல எங்களுக்கு என்ன வேல ஈக்கி?" என்று கேட்டார். விலகுகிறோம் என்று கடிதம் எழுதினோம். தமிழில் எழுதினோம். வாசித்துச் சொல்ல அவர்களிடம் ஆள் இருக்கும்.

இப்போது தலைவிக்கு அந்த நோட்டு வேண்டும். ஆண்டு விழா வருகிறது. விருந்தினர் முன்னால் மரகதம் நினைவு வாங்கு என்று புதிதாக ஒன்றைத் திறந்து, பலகையில் தன் பெயரையும் போட்டு, எந்த வியாழன் யார் இருந்தார்கள் என்ற நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் காட்டப் போகிறார்களாம். நோட்டு அவர் கைக்குப் போனால், அக்கா உட்கார்ந்த வியாழக்கிழமைகள் எல்லாம் சம்மேளனத்தின் வியாழக்கிழமைகளாகிவிடும். விருதைக் கொண்டுபோனதுபோல அதையும் கொண்டுபோவார்.

அவரே கடைக்கு வந்தார். கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். நோட்டைக் கேட்டார். "நாளைக்கு வாங்க மேடம்" என்றேன். மறுநாள் வந்தார். நாளைக்கு என்றேன். மூன்றாம் முறை வந்தபோது முகம் சிவந்திருந்தது. "எத்தனை தடவதான் நாளைக்குன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் கேட்டார்களோ அத்தனை தடவை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டு என் பின்னால் அலுமாரியில், அந்த ஆங்கிலக் கடிதத்துக்கு மேலேயே இருந்தது. சிரித்துக்கொண்டு, "ஹெட்ட என்ன" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: அந்த நோட்டு, ஒரு பேனா, அவருடைய வியாழக்கிழமை. போன வாரம் நான் போனேன். கலஹாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அறுபதாம் இலக்கம் விழுந்திருந்தது. கையில் எழுதி, வாயைத் திறக்கச் சொல்லி, பத்துத் தடவை சொல்ல வைத்தேன். கதவடியில் கூப்பிட்டார்கள். நான் எழுவதற்கு முன் அவள் எழுந்துவிட்டாள்.

அந்தச் சொல் தலைவிக்கு இனி நாளை. நம் பெண்களுக்கு அது அறுபது.