எனக்கு முன்னால் மதராஸ் போனது

அறுபதுகளின் நடுவில், எனக்கு முப்பது தாண்டிய வயதில், வலது விரையில் கல் மாதிரி ஒரு வீக்கம் கண்டு, திருச்சியில் அதை அறுத்து எடுத்தார்கள். விரை என்று இன்றைக்கு எழுதிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ‘அது’ என்றோம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குக் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம். தெரு அப்படியே நம்பியது. எதிர்வீட்டுக்காரர் தனக்கும் குடலிறக்கம்தான் என்று வந்து தழும்பையே காட்டினார். பதிலுக்கு நானும் காட்டுவேன் என்று சற்று நேரம் காத்திருந்தார். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அறுத்ததை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு மதராஸுக்கு அனுப்பினார்கள். புற்றா, புற்று என்றால் எந்த வகை, வெட்டிய இடத்துக்கும் மேலே ஏறிவிட்டதா என்று அங்கேதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏறியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். நான் அதுவரை மதராஸ் பார்த்ததில்லை. என்னில் ஒரு துண்டு மட்டும் டிக்கெட் எடுக்காமல் ரயிலேறிப் போய்விட்டது.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். கார்பன் நகலை என் கையில் கொடுத்து, அவர் வந்ததும் பாலக்கரை கிளினிக்கில் காட்டச் சொன்னார்கள். வீடு வந்து வாசற்படியில் கால் வைப்பதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள்: காகிதத்தின் மூலையில் கறுப்பு. டைப் அடித்தவர் கார்பன் தாள் பிடித்த விரலோடு தொட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் சாவுச் சேதிக் கடுதாசிக்குத்தான் மூலையில் கறுப்பு மை தடவுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. வெளியிலேயே நின்று படித்துக் கிழித்துப்போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவது.

“அங்கேயே நில்லுங்க,” என்றாள்.

“இது கார்பன்டி.”

“மதராஸ்காரன் விஷயம் தெரிஞ்சுதான் மூலையில கறுப்பு வச்சிருக்கான்.”

ஆக, என் உயிரைப் பற்றிய தாளை நான் தெருவில் முருங்கை நிழலில் நின்று படித்தேன். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“யாரு வாத்தியாரே?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “மதராஸ்ல ஒரு சொந்தம்ங்க.”

“ரொம்ப நெருக்கமோ?”

“கூடவே பொறந்தது.”

அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவன். ஆங்கிலம் படிக்க வரும். முதல் பத்தியில் நீளம், அகலம், அறுத்த முகத்தின் வெளிறிய நிறம், வழவழப்பு. ஒரு தீவை அளந்து வரைவது போல எழுதியிருந்தான். என்னைப் பற்றி அத்தனை அக்கறையாக ஒருவரும் எழுதியதில்லை, கர்வமாகக்கூட இருந்தது. அடுத்த பத்தியில் ‘செமினோமா’. என் அகராதியில் அது கிடையாது. அதன்பின் வரிக்கு வரி ‘இல்லை’: உறையைத் தாண்டவில்லை, ரத்தக்குழாயில் தென்படவில்லை, விரையிலிருந்து மேலே ஏறும் நாளத்தின் வெட்டுமுனையில் இல்லை. எந்தப் பரீட்சைத் தாளில் இத்தனை இல்லை வந்தாலும் பையன் தேறமாட்டான்.

மனைவி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பிறகுதான் அந்தத் தாளை வீட்டுக்குள் விட்டாள். மறுநாள் டாக்டர் ஊர் திரும்பியதும் மஞ்சளோடு அப்படியே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் மஞ்சளைப் பார்த்து, இப்போதுதான் ஒரு கல்யாணம் முடித்து வருகிறேன், அதற்குள் அடுத்ததா என்றார். பிறகு படித்தார். படித்து முடித்துப் பென்சிலால் ஒரு பையும், அதிலிருந்து மேலே ஏறும் ஒரு கோடும் போட்டார். புற்றுதான், ஆனால் அதிலேயே கொஞ்சம் சாது. அந்தக் கோடுதான் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வெட்டிய மடை வரைக்கும் தண்ணீர் வரவில்லை. “இந்தத் தாள்ல எத்தனை இல்லை இருக்கோ, அத்தனையும் உங்களுக்கு நல்லதுங்க,” என்றார்.

நான் பரவசமாகத் தலையாட்டினேன். அவள் ஆட்டவில்லை.

“அனுப்புனதைப் பத்தி எழுதியிருக்காங்க டாக்டர். மிச்சம் இவர்கிட்ட இருக்கிற உடம்பைப் பத்தி என்ன எழுதியிருக்கு?”

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். “அது இந்தத் தாளுக்குத் தெரியாதும்மா. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. வயித்துக்கு மதராஸ்ல கரண்ட், அதாவது கதிர், வைக்கணும். இந்த வகை அதுக்கு நல்லா அடங்கும்.”

“அடங்கலைன்னா?”

“என் தம்பிக்கு வந்திருந்தா, நான் நம்பிக்கையாத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

மதராஸுக்கு எந்த ரயில் என்று கேட்டாள் அவள்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து, அந்தக் கறுப்பு மூலை விஷயம் தவிர, அவள் நான் சொன்னதற்கெல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைவிடப் பயம் தந்தது வேறு இல்லை. அன்றைக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காவிரிப் பாலம் வந்ததும் ஆரம்பித்தாள்.

“வாத்தியாராம். கேக்க வேண்டியதை எல்லாம் நான் கேக்கணும், நீங்க மாடு மாதிரி தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க.”

திருவானைக்காவல் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்திவிடப் போகிறாளே என்று, நடுநடுவே நானும் ஏதாவது எதிர்த்துச் சொல்லிவைத்தேன்.