கும்பமேளாச் சண்டையைச் சொல்லப்போன சனிக்கிழமை

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல் தமிழாட்கள் இருபது பேரளவில் கூடுவோம். ஒருவர் தாம் வாசித்த ஏதாவதொன்றைப் பற்றிப் பேசுவார். பிறகு தேநீரும் றோல்ஸும். சென்ற வசந்தத்தில் என் முறை வந்தது.

அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் ஹரித்வார் கும்பமேளாவில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி. கங்கையில் யார் முதலில் நீராடுவது என்று சைவத் துறவிகளுக்கும் வைணவத் துறவிகளுக்கும் தகராறு. துறவிகள் கமண்டலத்தோடு நிற்பவர்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இவர்களிடம் ஆயுதங்கள் இருந்தன. பாவம் கழுவ வந்த இடத்திலேயே ஏராளமானோர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையே பேசுவதென்று முடிவெடுத்தேன்.

என் மனைவி மட்டக்களப்புச் சைவக் குடும்பம். நானோ யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்த கத்தோலிக்கன்.

“உங்களுக்கு வேற கதை கிடைக்கல்லையா? வேதக்காரர் வந்து சைவத்துச் சண்டையச் சொன்னா ஆக்கள் சும்மா இருப்பாங்களா?” என்றாள்.

“நடந்ததுதானே?”

“நடந்ததுதான். முன்வரிசை அண்ணை விடுவாரா?”

முன்வரிசை அண்ணை எண்பதை நெருங்குபவர். கோயில் நிர்வாகத்தில் பல வருடங்கள் இருந்தவர். பேச வந்த எவரையும் ஒரு திருத்தமாவது சொல்லாமல் அவர் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அவரை நினைத்தே மூன்றாம் பக்கம் முழுவதும் மத நல்லிணக்கம் பற்றி எழுதி வைத்தேன்.

இரண்டாம் பக்கத்தை முடித்தபோது அண்ணை கையை உயர்த்தினார். மூன்றாம் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“தம்பி, கடைசியிலை ஆர் முதல் குளிச்சது?”

“சைவத் துறவியள்தான் அண்ணை. மற்றவையைக் கனகாலம் குளிக்க விடேல்லை.”

அவர் சந்தோஷப்படவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“நானும் கல்லெறிஞ்சவன்,” என்றார். “ஊரிலை, அப்ப எனக்கு இருபது வயசு. எங்கட திருவிழா மேளம் மாதா கோயிலுக்கு முன்னாலை போகேக்கை, உள்ளை பூசை நடக்குது, நிப்பாட்டுங்கோ எண்டு வேதக்காரர் சொன்னவை. நாங்கள் இன்னும் பலமாய் அடிப்பிச்சனாங்கள். பிறகு அடிபாடு. என்ரை கல்லு ஒருத்தன்ரை நெத்தியைப் பிளந்துபோட்டுது. என்னோடை படிச்சவன். சாமி கும்பிடப் போன நாள் தம்பி அது.”

வழமையாக றோல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும், என்னைப் போலவே கத்தோலிக்கரான மன்னார் அன்ரிதான் பேசினார்.

“எங்கட ஆக்களும் திறமில்லை அண்ணை. பெருநாளிலை மாதாவின்ரை சுரூபத்தை ஆர் தூக்கிறதெண்டு ரெண்டு தெருவும் அடிபட்டு, மாதா நடு றோட்டிலை தனிய நிண்டவ. ஃபாதர் வந்துதான் வீட்டை கூட்டிக்கொண்டு போனவர்.”

முதலில் சிரித்தது அண்ணைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். அதன்பிறகு ஆளுக்கொரு திருவிழாச் சண்டை வெளியே வந்தது. என் மூன்றாம் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. நானும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தேநீர் வரிசையில் அன்ரி அண்ணையை விடவில்லை.

“அந்தப் பெடியன் இப்ப எங்கை?”

“மொன்றியலிலை. பேரப்பிள்ளையளும் இருக்கினமாம். எறிஞ்சது நான்தான் எண்டு அவனுக்குத் தெரியாது.”

“போன் எடுத்துச் சொல்லுங்கோவன்.”

“வெக்கமாய்க் கிடக்கு பிள்ளை.”

இரண்டு கிழமை கழித்து அண்ணை என்னை அழைத்தார். குரலில் அப்படியொரு உற்சாகம்.

“எடுத்துச் சொல்லிப்போட்டன் தம்பி! அவன் என்ன சொன்னவன் தெரியுமே? ‘அடேய், அது நீயோ? நான் இவ்வளவு காலமும் உன்ரை கொண்ணன்தான் எறிஞ்சதெண்டு நினைச்சு அவனையெல்லோ திட்டிக்கொண்டிருக்கிறன்!’ எண்டு கத்துறான். ரெண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைச்சனாங்கள். இப்ப அண்ணரிட்டையும் போய்ச் சொல்லவேணும்.”

அவருடைய தமையன் இருப்பது பக்கத்திலுள்ள அஜின்கோர்ட்டில். அடுத்த ஞாயிறு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தமையன் சாய்வுநாற்காலியில் இருந்தபடி முழுக் கதையையும் கேட்டார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“அவன் ஏன் என்ரை கலியாணத்துக்கு வரேல்லை எண்டு இப்பதான் விளங்குது.”