மீட்டரை நம்பாதவன்

பழைய டீசல் காரில் கடைசியாகப் பார்க்க வேண்டியது கிலோமீட்டர் காட்டும் மீட்டர். முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பெடலின் ரப்பர்; வண்டி ஓட ஓட அதன் வரிகள் தேய்ந்துவிடும். நான் பெரம்பலூரில் டீசல் மெக்கானிக். கார் வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்குக் கூட்டிப்போவார்கள். வண்டி உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்வது என் வேலை. பழைய கார் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, உங்களுக்கு ஓர் ஆறுதல்: ஊருக்கெல்லாம் கார் பார்த்துக் கொடுத்த என்னிடம் சொந்தமாக ஒரு கார் இல்லை. என் மனைவி செல்வியை முன் சீட்டில் உட்காரவைத்துத் திருமழபாடி கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு இருக்கும் ஏக்கம்.

கோயில் வண்டி

ரெட்டிபாளையத்தில் ஒரு கார் பார்க்கப் போனோம். மீட்டர் அறுபதாயிரம் காட்டியது. "ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு மட்டுந்தான் சார் எடுப்பாங்க" என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். பெடல் ரப்பரில் ஒரு வரிகூட மிச்சமில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். கை நிறைய சிமெண்ட் தூள் கொட்டியது. சிமெண்ட் ஆலைக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் ஓடிய வண்டி. தூளை அவர் முன்னால் நீட்டினேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"அப்பக் கோயிலைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க சார்!"

செல்வி உட்கார்ந்த சீட்

எனக்கென்று பார்க்கும்போதுதான் தொல்லை. மற்றவர்களுக்கு "பரவாயில்ல, எடுங்க" என்று சொல்கிறவன், எனக்கென்றால் குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். ஒன்றில் கியர் சரியாக விழவில்லை, ஒன்றில் புகை, ஒன்றில் காரணமே இல்லாமல் சந்தேகம். இப்படியே வருஷங்கள் போயின.

ஒருமுறை அரியலூரில் ஒரு வெள்ளைக் கார். செல்வி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். அடியில் காய்ந்த சேற்றுக் கறை. வண்டி வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது. "எறங்கு" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தவள், அங்கே நின்று சொன்னாள்:

"என்னைய பொண்ணு பாக்க வந்தப்ப இப்புடிப் பாத்திருந்தா, இன்னும் நீங்க ஒண்டிக்கட்டதாங்க!"

வாத்தியார் வீட்டு வாசலில்

வரதராஜன்பேட்டையில் ரிட்டயரான வாத்தியார் ஒருவரின் காரைப் பார்க்க, வேப்பந்தட்டைக்காரர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். பன்னிரண்டு வருஷ வண்டி, மீட்டரில் முப்பத்தெட்டாயிரம். "ஸ்கூலுக்கும் சர்ச்சுக்குந்தாங்க ஓட்டுனேன்" என்றார் வாத்தியார். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டே குனிந்தேன். பெடல் ரப்பரின் வரிகள் அப்படியே இருந்தன. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தேன். துளிப் புகை இல்லை. மனிதர் சொன்னது அத்தனையும் நிஜம்.

இந்த வண்டி எனக்கு வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கூட வந்தவர் காதில், "வேணாங்க, மீட்டரத் திருப்பியிருக்காங்க" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பின்னால் நின்ற வாத்தியார் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் செல்வியோடு போனேன். முதல் நாள் கதையை அவளிடம் சொல்லவில்லை. அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "சார், வண்டிய நானே எடுத்துக்கறேன்" என்றேன். வாத்தியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்து நீங்க சொன்னது நெசம்னா, இந்த வண்டி உங்களுக்கு எதுக்குங்க? பொய்யின்னா, உங்களுக்கு நான் எதுக்குங்க விக்கணும்?"

ஊரில் உள்ள வண்டிகளின் பொய்யையெல்லாம் கண்டுபிடித்த நான், நானே சொன்ன ஒரு பொய்யின் புண்ணியத்தில், இன்றும் திருமழபாடி பஸ்ஸில் செல்விக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.